தாளில் ஒரு லயம்

மலாக்காவில் 1512-இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய கோட்டையை 1807-இல் ஆங்கிலேயர் இடித்தார்கள். சந்தியாகோ வாசல் மட்டும் தப்பியது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்கள் பலவற்றுக்கு அப்படி ஒரு வாசல்கூட மிஞ்சவில்லை. அவற்றைத் தாளிலாவது மாதிரியாகக் கட்டிப் பார்க்கலாம்.

ஈபிள் கோபுரம், ஜப்பானியக் கோட்டை என்று வெட்டி ஒட்டும் மாதிரிப் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தடித்த தாளில் அச்செடுத்து, மை தீர்ந்த பேனாவால் மடிப்புக் கோட்டை அழுத்தி இழுத்தால் ஓரம் பிசிறாமல் மடியும். ஒட்டும் காதுகளை மறந்து நறுக்கிவிடாதீர்கள்! பிள்ளைகள் அவற்றைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

லயத்து வீட்டுக்குப் படம் நாமே வரையலாம். நீளப் பெட்டி, நடுவே தடுப்புகள், தகரக் கூரைக்கு நெளி அட்டை. அளவுகளுக்குத் தாத்தா பாட்டியைக் கேளுங்கள்: முன்வாசல் எத்தனை அடி, குசினி எந்தப் பக்கம், தண்ணீர்க் குழாய் எங்கே?