நகரும் இலக்கு

நின்ற மரத்தை அடிக்கக் கைவலிமை போதும். நகரும் மனிதனைத் தொட அறிவு வேண்டும். சிலம்பம் பயில்வோர் முதலில் உணரும் உண்மை இதுவே.

மலாயாத் தோட்டங்களுக்குத் தமிழர் கொண்டுவந்த செல்வங்களுள் சிலம்பமும் ஒன்று. 1929இல் போ நிறுவனம் கேமரன் மலையில் தேயிலைத் தொழிலைத் தொடங்கியது. பிரிஞ்சாங் போன்ற இடங்களின் மலைச்சரிவுகளில் உழைத்த தமிழர், காலத்தின் அருமையைத் தொழிலிலேயே கற்றவர்கள். இரண்டு இலையும் ஓர் அரும்புமாய் நிற்கும் கொழுந்தை உரிய நாளில் கிள்ளாவிடில் அது முற்றிவிடும். ஆயினும், கொழுந்து சில நாள்களேனும் காத்திருக்கும். சிலம்பக் களத்தில் எதிராளி ஒரு நொடியும் காத்திருப்பதில்லை.

கண்ட காட்சிக்குக் கை இயங்க ஏறத்தாழ 0.2 வினாடி ஆகிறது. அதற்குள் எதிராளி இடம் மாறிவிடுகிறான். அவன் நிற்கும் இடத்தை நோக்கி வீசிய கம்பு வெற்றிடத்தையே அடிக்கும். ஆகவே, அவன் வரப்போகும் இடத்தைக் குறிக்க வேண்டும். அதனைக் கம்பின் நுனி காட்டாது. தோளும் இடுப்பும் காலடியும் காட்டும். உடலின் எடை முழுதும் ஒரு காலில் ஊன்றிய கணத்தில் அக்காலை எடுக்க இயலாது. அதுவே தக்க தருணம். வள்ளுவர் காலமறிதலை 49ஆம் அதிகாரமாகவும் இடனறிதலை 50ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து அமைத்தது எத்துணைப் பொருத்தம்!

இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. குறி தவறாமல் அடிக்கக் கற்பிப்பது கொடுமைக்குத் துணைபோவதாகாதா? சினம் கொண்டவன் எதிராளியைக் காண்பதில்லை. தன் சினத்தையே காண்கிறான். அதனால் அவன் அடி முந்தும் அல்லது பிந்தும் என்பர். ஆனால், சினமின்றியே தீங்கு செய்வோரும் உளர். குறித்திறன் ஒருவனை நல்லவனாக்கிவிடாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எனினும், அத்திறன் இல்லாதவனின் இரக்கம் பயன் தருவதில்லை. அவன் தோளுக்கு ஓங்கிய கம்பு தலையில் விழும். நெற்றிக்கு ஒரு விரற்கடை முன்னே கம்பை நிறுத்த வல்லவனே, அடிப்பதா விடுப்பதா எனத் தேரும் உரிமை உடையவன்.

ஆசிரியராகிய நமக்கும் இது பொருந்தும். நேற்றைய பிழைக்காக நாம் இன்று வீசும் கடுஞ்சொல், அப்பிழையை விட்டு நகர்ந்துவிட்ட பிள்ளைமீது விழுகிறது. சொல்லுமுன் அவன் இன்று எங்கே நிற்கிறான் என்று பார்த்தோமா?