வாடகை குறைந்த ஊர்: வெயில் யாருடைய பங்கு?

  

இந்த வாரம் மிம்பரில் பேச எடுத்துக்கொண்ட விஷயம், நம் மஹல்லாவில் பல வீடுகளில் இரவு சாப்பாட்டுக்குப் பின் மெதுவான குரலில் பேசப்படுகிற விஷயம். "இந்த வாடகை இனி கட்டுப்படியாகாது, வேறு ஊருக்குப் போய்விடலாமா?" என்பதுதான் அது.

நம் பாலவாக்கம் ஒரு காலத்தில் ஊராட்சி. 2011ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. கிழக்கே கடல், மேற்கே பழைய மகாபலிபுரம் சாலையின் கணினி கம்பெனிகள், நடுவில் நாம். கம்பெனிகள் வர வர வாடகையும் ஏறியது. நம்மோடு முதல் ஸஃப்பில் நின்றவர்கள் சிலர் இன்று தாம்பரம் தாண்டி இருக்கிறார்கள். சிலர் செங்கல்பட்டில், சிலர் வேலூர், ஆம்பூர், திருச்சியில். பெருநாள் அன்று போனில் ஸலாம் சொல்லும்போதுதான் அவர்கள் போனது நமக்கு நினைவு வருகிறது.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றை, சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் அனுமதியோடு உங்களுக்குச் சொல்கிறேன். அதில் என் தவறும் இருக்கிறது.

ஒரு சகோதரர் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார். பெருங்குடி பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாயார். 19,000 ரூபாய் வாடகை ஜூன் முதல் 22,000 ஆகப் போகிறது. வேலூரில் அவருடைய மாமா ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறார். இரண்டு அறை, மேல்மாடி, வாடகை 8,000. குடும்பத்தை அங்கே வைத்துவிட்டு, இவர் மட்டும் இங்கே நண்பர்களோடு ஒரு ரூமில் தங்கிக்கொள்வார். சனிக்கிழமை ரயிலேறிக் காட்பாடி போய், ஞாயிறு இரவு திரும்பிவிடுவார்.

"போகலாமா ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

"அல்லாஹ்வுடைய பூமி ரொம்ப விசாலம் பாய். பிஸ்மில்லாஹ் சொல்லிப் போங்க" என்றேன். அந்தப் பேச்சு இரண்டு நிமிடம்கூட நடக்கவில்லை.

நான்கு நாள் கழித்து அவருடைய மனைவி என் வீட்டாரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்த மேல்மாடியில யாரு இருக்கப் போறாங்கன்னு ஹஜ்ரத் கேட்டாங்களா?"

நான் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்காமல் விட்டிருந்தாலும் நான் கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் நான் ஏழு ஆண்டுகள் ஓதியது அதே வேலூரில், பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில். இங்கிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர்தான். ஆனால் சித்திரையில் அது வேறு உலகம். இங்கே உச்சி நேரம் தாண்டினால் கடல் காற்று எழுந்து வந்துவிடும். அங்கே சுற்றிலும் பாறை மலைகள். 40 டிகிரியைத் தாண்டுவது அந்த ஊருக்கு வழக்கம். வேலூர்க்காரர்களே தங்கள் ஊரை "வெயிலூர்" என்றுதான் சொல்வார்கள். பகல் முழுக்கக் குடித்த சூட்டை மொட்டைமாடித் தளம் இரவு முழுக்க அறைக்குள் இறக்கும். நாங்கள் துண்டை நனைத்து மேலே போர்த்திக்கொண்டு படுப்போம், அரை மணி நேரத்தில் அது காய்ந்துவிடும். எங்களுக்கு அப்போது வயது பதினெட்டு. அந்தத் தாயாருக்கு எழுபதுக்கு மேல்.

ஊர் மாறுவது தவக்குலுக்கு எதிரானதா?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். "ரிஸ்க் கொடுப்பவன் அல்லாஹ். வாடகைக்குப் பயந்து ஓடுவது ஈமானில் குறை இல்லையா?" என்று சிலர் கேட்கிறார்கள்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டு 'ஸர்ஃக்' என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. முஹாஜிர்களைக் கூப்பிட்டு மஷூரா செய்தார்கள். பிறகு அன்ஸாரிகளை, பிறகு குறைஷிப் பெரியவர்களைக் கூப்பிட்டார்கள். கடைசியில் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு கரை பசுமையாகவும் மறுகரை வறண்டும் இருந்தால், ஒட்டகத்தை எந்தக் கரையில் மேய்த்தாலும் அது விதிப்படிதானே என்று உதாரணமும் காட்டினார்கள். இது புகாரீயில் வரும் செய்தி.

வசதியுள்ளவர் வசதிக்கேற்பச் செலவு செய்யட்டும், நெருக்கடியில் இருப்பவர் அல்லாஹ் கொடுத்த அளவிலிருந்து செலவு செய்யட்டும் என்பது ஸூரத்துத் தலாக்கின் 7வது வசனம் தரும் வழிகாட்டல். கடன் வாங்கி, வட்டியில் சிக்கி, கடற்கரையோரம்தான் இருப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பதைவிட, கைக்கு எட்டும் வாடகையில் நிம்மதியாக வாழ்வது மேல். ஆகவே போவதில் குற்றம் இல்லை.

வசனத்தை இடம் மாற்றி வைக்காதீர்கள்

குற்றம் நுழைவது வேறு வழியாக. நான் அந்தச் சகோதரருக்குச் சொன்ன வார்த்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். பூமி விசாலமானது என்ற பேச்சு ஸூரத்துந் நிஸாவின் 97வது வசனத்தில் வருகிறது. மக்காவில் தீனைக் காக்க முடியாத நிலையிலும், போக வசதி இருந்தும் போகாதவர்களைப் பற்றிய கண்டனம் அது. அதை நான் 8,000 ரூபாய் வீட்டுக்குப் பொருத்திவிட்டேன். ஆலிமாக இருப்பவர்கள் அவசரத்தில் செய்கிற தவறு இது.

வீட்டில் ஆண்கள் செய்கிற தவறு ஒன்றும் உண்டு. மனைவி "வெயில் தாங்காதே" என்று சொன்னால், "ஹாஜர் அம்மையார் பாலைவனத்தில் இருக்கவில்லையா?" என்பார்கள். சகோதரரே, அது வஹீயின் கட்டளை. இது அல்லாஹ்வின் கட்டளையா என்று ஹாஜர் அம்மையார் கேட்டார்கள். ஆம் என்று இப்ராஹீம் (அலை) சொன்ன பிறகுதான் அவர்கள் மனம் அமைதியானது. அதே கேள்வியை உங்கள் மனைவி கேட்டால் உங்களிடம் என்ன பதில் இருக்கிறது? உங்களுக்கு வந்தது வஹீ அல்ல, வீட்டுக்காரருடைய வாட்ஸ்அப்.

இன்னும் சிலர், நரக நெருப்பு இதைவிடச் சூடு என்ற ஸூரத்துத் தவ்பாவின் 81வது வசனத்தையே எடுத்து நீட்டுவார்கள். ஹிஜ்ரி 9ல் தபூக் போருக்குப் போகாமல் வெயிலைச் சாக்குச் சொன்ன முனாஃபிக்குகளைப் பற்றி இறங்கிய வசனம் அது. சமையலறையில் நின்று வேர்த்துக் கொட்டுகிற பெண்ணின் வாயை அடைக்க அதை எடுப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

நம் மார்க்கம் வெயிலைச் சிரமம் என்று ஒப்புக்கொண்ட மார்க்கம். ஒரு பயணத்தில் ளுஹருக்கு பாங்கு சொல்ல முஅத்தின் எழுந்தபோது, வெப்பம் தணியட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் நிறுத்தினார்கள். மறுபடி எழுந்தபோது மறுபடியும் நிறுத்தினார்கள். மணல்மேடுகளின் நிழல் கண்ணுக்குத் தெரிகிற வரை காத்திருந்தார்கள். அபூதர் (ரலி) அறிவிக்கும் செய்தி இது. ஃபர்ளான தொழுகையையே வெயிலுக்காகச் சற்றுப் பிற்படுத்த இடமிருக்கிறது. உங்கள் திட்டத்தை மாற்ற இடமில்லையா?

மதீனாவின் மூன்று துஆக்கள்

குடும்பத்தோடு ஊர் மாறியவர்களில் நமக்குப் பெரிய முன்மாதிரி முஹாஜிர்கள். அவர்கள் வந்து சேர்ந்தபோது மதீனா நோய் மிகுந்த ஊராக இருந்தது என்று ஆயிஷா (ரலி) அவர்களே சொல்கிறார்கள். அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) இருவரும் காய்ச்சலில் விழுந்தார்கள். காய்ச்சல் தணியும்போதெல்லாம் பிலால் (ரலி) மக்காவின் புல்லையும் நீர்த்துறையையும் மலைகளையும் நினைத்துக் கவிதை பாடுவார்கள். நினைத்துப் பாருங்கள், எந்த மக்கா? அவர்களைச் சுடுமணலில் கிடத்தி நெஞ்சில் பாறை வைத்த அதே மக்கா!

ஆயிஷா (ரலி) இதை நபி (ஸல்) அவர்களிடம் சொன்னார்கள். அல்லாஹ்வின் தூதர் பிலாலைக் கண்டிக்கவில்லை. ஹிஜ்ரத் செய்துவிட்டுப் பழைய ஊரை நினைப்பதா என்று கேட்கவில்லை. கை ஏந்தினார்கள். மக்காவைப் போல, அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவை எங்களுக்குப் பிரியமாக்கு என்று கேட்டார்கள். எங்கள் ஸாஉவிலும் முத்திலும், அதாவது தானியம் அளக்கும் படிகளில், பரக்கத் செய் என்று கேட்டார்கள். இந்த ஊரை ஆரோக்கியமாக்கி, இதன் காய்ச்சலை ஜுஹ்ஃபாவுக்கு மாற்றிவிடு என்று கேட்டார்கள்.

மனம், படி, உடல். ஊர் மாறும் குடும்பத்துக்கு இந்த மூன்றும் வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? படியை மட்டும் கணக்குப் போடுகிறோம். 22,000லிருந்து 8,000 போனால் மிச்சம் 14,000 என்பது நல்ல கணக்குத்தான். ஆனால் அந்த 14,000 யார் கையில் சேர்கிறது, அதற்கான வெயில் யார் தலையில் இறங்குகிறது? அந்தச் சகோதரரின் திட்டப்படி, வாரத்தில் ஐந்தரை நாள் இவர் கடல் காற்றில் இருப்பார். தாயும் மனைவியும் மொட்டைமாடிக்குக் கீழே இருப்பார்கள். அவர் கெட்டவர் அல்ல. பிள்ளைகளின் ஃபீஸுக்காகவே யோசித்தார். ஆனாலும் லாபத்தைக் கணக்கிட்டவர் ஒருவர், விலை கொடுக்கப் போகிறவர் வேறொருவர். விலை கொடுப்பவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

குழந்தைக்குப் பால்குடி மறக்கடிப்பதற்கே தாயும் தந்தையும் மனம் ஒப்பி, கலந்து பேசி முடிவெடுக்கும்படி ஸூரத்துல் பகராவின் 233வது வசனம் வழிகாட்டுகிறது. பால்குடிக்கே மஷூரா என்றால், ஊரையே மாற்றுவதற்கு?

ஆகவே ஊர் மாற நினைப்பவர்களுக்கு நான் இப்போது சொல்வது இதுதான். டிசம்பரில் போய் வீடு பார்க்காதீர்கள். கத்திரி வெயிலில் போங்கள். தனியாகப் போகாதீர்கள், பகல் முழுக்க அந்த வீட்டில் இருக்கப் போகிறவர்களை அழைத்துப் போய் மூன்று இரவு தங்குங்கள். மேல்மாடியா கீழ்த்தளமா, மோட்டார் எத்தனை நாளைக்கு ஒருமுறை ஓடும், அம்மாவின் மருந்துக்கு டாக்டர் எவ்வளவு தூரம், பிள்ளைகளுக்கு மக்தப் எங்கே என்பதையெல்லாம் அவர்களே கேட்கட்டும். மிச்சமாகும் பணத்தின் முதல் பங்கை, வெயிலை ஏற்பவருக்குச் செலவிடுங்கள். நல்ல மின்விசிறிக்கோ, தளத்துக்கு வெள்ளைப் பூச்சுக்கோ, 2,000 அதிகம் கேட்கும் கீழ்வீட்டுக்கோ அது போகட்டும். அவர்கள் "முடியாது" என்றால், அந்தச் சொல்லும் மஷூராவில் ஒரு சொல்தான்.

சொந்த வீடு உள்ளவர்களே!

உங்களுக்கும் ஒரு வார்த்தை. வாடகை இவ்வளவுதான் என்று மிம்பரிலிருந்து நிர்ணயிக்க எனக்கு உரிமை இல்லை. மதீனாவில் விலை ஏறி மக்கள் முறையிட்டபோது, நபி (ஸல்) அவர்களே விலை நிர்ணயிக்க மறுத்தார்கள். ஆனால் பனூ ஸலிமா கூட்டத்தார் ஓரத்தில் இருந்த தங்கள் வீடுகளை விட்டுப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் வர விரும்பியபோது, ஊரின் ஓரம் காலியாவதையும் அவர்கள் விரும்பவில்லை. அங்கேயே இருங்கள், உங்கள் காலடிகள் எழுதப்படுகின்றன என்ற கருத்தில் ஆறுதல் சொன்னார்கள். ஒரு மஹல்லா காலியாவது அல்லாஹ்வின் தூதருக்குக் கவலையான விஷயம். பத்து வருடம் ஒழுங்காக வாடகை தந்த குடும்பத்துக்கு இந்த ஆண்டு 3,000 ஏற்ற வேண்டுமா, 1,000 போதுமா என்று நீங்களே உங்கள் மனதிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர் விட்டுப் போனவர்களுக்கும் இந்த ஹதீஸில் செய்தி உண்டு. தூரத்தில் இருப்பதால் யாரும் தாழ்ந்துவிடுவதில்லை.

அந்தக் குடும்பம்

நான் அந்தச் சகோதரரைத் தேடிப் போய், "நான் சொன்னது அரைகுறை பாய், மன்னிச்சுக்குங்க" என்றேன். மே மாதம் நால்வரையும் அழைத்துக்கொண்டு போய் மூன்று இரவு தங்கினார். இரண்டாம் இரவு கரண்ட் போனது. விடிய விடிய அவருக்கும் தூக்கமில்லை. காலையில் தாயாரே சொன்னார்களாம்: "கீழ்வீடு கெடைச்சா வர்றேன்பா. மேல என்னால முடியாது."

கீழ்வீடு 11,000க்குக் கிடைத்தது. கம்பெனியில் பேசி, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கினார். புதன் இரவே ரயிலேறிவிடுகிறார். அவர் முதலில் போட்ட கணக்கைவிட மிச்சம் குறைவுதான். வெயில் குறையவில்லை. ஆனால் இப்போது அதில் அவருக்கும் பங்கு இருக்கிறது.

தாயார் சில வெள்ளிக்கிழமைகளில் போன் செய்வார்கள். ஸலாம் சொன்னதும் முதல் கேள்வி: "ஹஜ்ரத், அங்க காத்து அடிக்குதா?" அடிக்கிறது என்று சொல்வேன். பொறுமை பற்றி அந்த நேரத்தில் பயான் செய்வதில்லை. பிலால் (ரலி) அவர்களுக்காகக் கேட்கப்பட்ட அந்த துஆவை அவர்களுக்காகக் கேட்கிறேன்.

யா அல்லாஹ்! ஊர் மாறிப் போன எங்கள் சொந்தங்களுக்குப் புதிய ஊரைப் பிரியமாக்குவாயாக! அவர்கள் படியில் பரக்கத் செய்வாயாக! அவர்கள் உடலுக்கு ஆரோக்கியம் தருவாயாக! எங்கள் லாபத்துக்காக இன்னொருவரை வெயிலில் நிறுத்தும் அநியாயத்திலிருந்து எங்களைக் காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.