அவன்தான் சம்மதித்தானே

மூன்று வருடத்துக்கு முன்பு பெட்டாலிங் ஜெயாவில் ஒரு டெரஸ் வீட்டை மாதம் 1,800 வெள்ளிக்கு எடுத்தேன். ஒப்பந்தத்தில் என் கையெழுத்து மட்டும்தான். வாடகையைப் பங்கிட மூன்று அறை போதவில்லை. ஹாலில் பிளைவுட் அடித்து இரண்டு அறையாக்கினேன். மொத்தம் ஏழு பேர். வீட்டு முதலாளிக்குத் தெரியும். பணம் தேதி தவறாமல் வந்ததால் ஒன்றும் கேட்கவில்லை.

ஏழாவதாக வந்தவன் சித்தியவான் பக்கத்துத் தம்பி. 300 வெள்ளிக்கு மேல் முடியாது என்றான். நான் மின்பொறியியல் படித்தவன், மறைக்காமல் சொன்னேன்.

"ஜன்னல் கிரில்லுக்குப் பூட்டு போட்டிருக்கு, சாவி என் ரூம்லதான். ஒரே பிளக்ல நாலு பேர் கரண்ட் இழுக்கிறாங்க. யோசிச்சுக்க தம்பி."

"பரவால்லண்ணே. எனக்கு ஓகே."

அன்று மனம் லேசாக இருந்தது. சொல்லிவிட்டேன், சம்மதித்துவிட்டான். இனி அது அவன் முடிவு.

நாலு மாதம் கழித்து ஓர் இரவு, பக்கத்துத் தடுப்பில் ரைஸ் குக்கர் மாட்டியிருந்த எக்ஸ்டென்ஷன் வயர் உருகியது. ஹால் முழுக்கப் புகை. யாரோ மெயின் சுவிட்சை அணைத்தார்கள். இருட்டில் நான் கிரில் சாவியைத் தேடினேன். அது கையில் கிடைத்தபோது புகையே அடங்கியிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அந்தத் தம்பி அன்று நைட் ஷிப்ட். ஆபத்துக்குச் சம்மதித்தவன் வீட்டிலேயே இல்லை. இருமிக்கொண்டு வாசலில் நின்றவர்களில் ஒருவரிடம்கூட, "இன்னொரு ஆளைச் சேர்க்கலாமா?" என்று நான் கேட்டதில்லை.

வசதியில்லாதவன் சொல்லும் 'சரி' உண்மையான சம்மதமா என்ற கேள்வி பழையது. அன்றிரவு எனக்கு உறைத்தது வேறு. பல பேர் தங்கும் வீட்டில் ஆபத்து இரண்டு பேருக்கு இடையிலான பேரம் அல்ல. அவன் தன் உயிருக்குத்தான் சம்மதிக்க முடியும். பக்கத்து அறைக்காரனின் உயிரை அவனும் தர முடியாது, நானும் வாங்க முடியாது. பிளைவுட்டுக்கு இந்தப் பக்கம் யார் ஒப்புக்கொண்டார்கள் என்று புகை பார்க்காது.

1999இல் கிளாஸ்கோவில் ஒரு வாடகை வீட்டுத் தீயில் இரண்டு மாணவர்கள் இறந்தார்கள். ஜன்னல்களில் இரும்புக் கம்பி, வெளியேற முடியவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து ஸ்காட்லாந்தில் இப்படிப் பலர் தங்கும் வீட்டை வாடகைக்கு விட உரிமம் கட்டாயமானது. நம் நாட்டில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்காக 1990இல் வந்த 446ஆம் சட்டம், 2020 ஜூன் முதல் எல்லாத் துறைகளுக்கும் விரிந்தது. தொழிலாளர் விடுதியில் ஓர் ஆள் தூங்க 3 சதுர மீட்டராவது வேண்டும். முதலாளி சான்றிதழ் வாங்க வேண்டும். ஆனால் அது தொழிலாளர்களுக்கென்று தரப்படும் தங்குமிடத்துக்கு. நாமே தேடி எடுக்கும் அறைக்கு அது வராது. என் பிளைவுட் அறையை அளக்க யாரும் வரவில்லை.

தீக்குப் பிறகு தடுப்பைப் பிரித்தேன். கிரில் சாவியை ஜன்னல் பக்கத்திலேயே ஆணியடித்து மாட்டினேன். ஆள் குறைந்ததும் ஒவ்வொருவர் பங்கும் ஏறியது. தம்பியால் முடியவில்லை.

"இன்னொரு எடம் கெடைச்சிருச்சுண்ணே, 280தான்" என்றான். அந்த வீட்டு ஜன்னலைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

'உரிமம் வந்தால் வாடகை ஏறும், ஏழைக்குத்தான் அடி' என்கிறார்கள். பொய்யில்லை, என் வீட்டிலேயே பார்த்தேன். ஆனால் அவனை வெளியே தள்ளியது விதி இல்லை. விதி இல்லாத ஊரில் ஒருவன் மட்டும் தனியாகத் திருந்தியது. என் மனசாட்சி என் வீட்டைச் சுத்தம் செய்தது, ஆபத்தை அடுத்த தெருவுக்கு அனுப்பியது. எல்லா வீட்டுக்கும் ஒரே விதி என்றால் 280 வெள்ளிக்குப் பூட்டிய ஜன்னல் எங்கேயும் கிடைக்காது. அப்போது அவன் எங்கே தூங்குவான்? அது அவன் சம்பளத்தைப் பற்றிய கேள்வி, மலிவு வீடுகளைப் பற்றிய கேள்வி. இத்தனை நாள் அந்தக் கேள்விக்கு நாம் ஒரு பூட்டைப் பதிலாகக் கொடுத்துவந்திருக்கிறோம்.

அந்தப் பூட்டுக்கு நானும் மாதம் 300 வெள்ளி வாங்கியிருக்கிறேன்.