காலும் ஓர் ஆசான்

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவுகளில் வயதான அம்மாள்கள்கூட வெறுங்காலோடு அதை நடந்து முடிக்கிறார்கள். சாதாரண நாளொன்றின் விடியற்காலையில் அதை ஒரே ஓட்டமாக ஓடி முடிக்கவேண்டும் என்ற ஆசை, நாற்பது வயதைத் தாண்டிய பிறகு எனக்கு வந்தது.

நான் புத்தகத்தை நம்பி வளர்ந்தவன். ஓட்டப் பயிற்சி பற்றிய நூல்களை வாங்கி வரி விடாமல் படித்தேன். மாரத்தான் தூரம் 42.195 கிலோமீட்டர் என்பதும், 1978-ல் ஜலந்தரில் சிவ்நாத் சிங் அதை 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார் என்பதும் எனக்கு மனப்பாடம். மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில் தொடங்கவேண்டும் என்பதைப் படித்து அடிக்கோடும் இட்டிருந்தேன்.

முதல்நாள், போளூர் சம்பத்கிரி அடிவாரத்தில் அந்த அடிக்கோடு நினைவுக்கு வரவில்லை. பால்காரர் பார்க்கிறார் என்பதே நினைவில் நின்றது. பாய்ந்து ஓடினேன். தினமும் அப்படியே. மூன்றாம் வாரம் முழங்கால் வீங்கிவிட்டது.

நொண்டிக்கொண்டு வந்தவனைத் தெருமுனை நெசவாளப் பெரியவர் தம் திண்ணையில் உட்கார வைத்தார். நெசவை எப்படிக் கற்றீர்கள் என்று கேட்டேன்.

"இழை அறுந்து அறுந்துதாங்க சார். எவ்வளவு இழுத்தா தாங்கும்னு கைக்குத்தான் தெரியும். ஆனா அறுந்ததை முடிபோடாம மேல நெய்யக் கூடாது."

வீடு கட்டிக் கட்டியே ஒருவன் கொத்தனாகிறான். வீரச் செயல் செய்து செய்தே வீரனாகிறான் என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. அதோடு அவர் நிறுத்தவில்லை. மோசமாகக் கட்டிப் பழகினால் மோசமான கொத்தன்தான் உருவாவான் என்கிறார். பாதியை மட்டும் நாம் மேடைகளில் சொல்லுகிறோம். மூன்று வாரமும் நான் பழகியது பகட்டை. அதில் நல்ல தேர்ச்சியும் பெற்றேன்!

என் நாவல்களில் பொறுமைசாலிகள் பலர் உண்டு. அவர்களைப் பாராட்டிக் கடிதங்களும் வந்திருக்கின்றன. அவர்களைப் படைத்தவனுக்கு இரண்டு பர்லாங் பொறுமை இல்லை என்பதை முழங்கால்தான் சொல்லித் தந்தது.

மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் நாண்கள் வலுப்பெற மாதக்கணக்காகும். இப்போது பாதி நடை, பாதி ஓட்டம். இடையிடையே ஓய்வு நாள். பால்காரர் சைக்கிளில் என்னைக் கடந்து போகும்போது சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன். மூச்சு வாங்காமல் அவரிடம் இரண்டு வார்த்தை பேசவும் முடிகிறது.

கிரிவலப் பாதை இன்னும் பாக்கி. மலை எங்கும் போய்விடாது.