குடையும் கூரையும்

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்க சாதியார் எட்டுத் தடைகளை விதித்தார்கள். மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள். ஹட்டன் சாதியைப் பற்றி எழுதிய நூலில் அந்தப் பட்டியல் இருக்கிறது. நகை போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது, பெண்கள் ரவிக்கை போடக் கூடாது என்று போய், எட்டாவதாக இது வருகிறது: ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. குடையை நாம் மான அவமானத்தோடு சேர்த்தே பேசி வந்திருக்கிறோம். சரிதான். ஆனால் குடை இல்லாதவன் மண்டையில் வெயில் விழுகிறது என்ற சாதாரண விஷயமும் அதில் இருக்கிறது. யார் காய வேண்டும், யார் நிழலில் நிற்கலாம் என்பதையும் சாதிதான் முடிவு செய்தது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான், கூரைக்கு வெள்ளை பெயிண்ட் அடிக்கிற விவகாரத்தைப் பேச நினைக்கிறேன்.

பெயிண்டுக்கும் சாதிக்கும் என்னய்யா சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். விஷயம் இதுதான். வெறும் கான்கிரீட் தளம் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரியில் கீழே இறக்கும். அதே தளத்தில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை அடித்தால், புதிதாக இருக்கும்போது ஏறக்குறைய 80 சதவீத வெயில் வந்த வழியே போய்விடும். வீட்டுக்குள் சில டிகிரி குறையும். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 98.1 சதவீத வெயிலைத் திருப்பும் பெயிண்டை 2021இல் அறிவித்தார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். சுண்ணாம்பே பாதி வேலையைச் செய்யும். அகமதாபாத்தில் 2010 மே மாத வெயிலில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாகச் செத்துப்போன பிறகு, 2013இல் வெப்பத்துக்கென்று நகரமே ஒரு திட்டம் போட்டது. 2017இல் 3,000 கூரைகளுக்கு வெள்ளையடித்தார்கள். தெலங்கானா 2023இல் இதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. 2028க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரையைக் குளிர்விப்பது அதன் இலக்கு.

ஆக, வேலை செய்கிற பொருள்தான். எனக்குச் சிக்கல், இதை எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

'ஆற்றல் சேமிப்பு' என்கிறார்கள். கூரை குளிர்ந்தால் ஏ.சி. குறைவாக ஓடும், மின்சாரம் மிச்சமாகும், போட்ட காசு இத்தனை வருஷத்தில் திரும்பி வரும் என்பது கணக்கு. ஏ.சி. உள்ள வீட்டுக்கு இது பொருந்தும், நான் மறுக்கவில்லை. விழுப்புரம் பக்கம் எங்கள் காலனியில் இருப்பது தொகுப்பு வீடு. ஒரு ஃபேன், ரெண்டு லைட்டு, ஒரு இலவச டிவி. 2016இலிருந்து ரெண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், பல வீடுகளுக்குக் கரண்ட் பில்லே வராது. இந்த வீட்டுக் கூரைக்கு வெள்ளையடித்தால் எத்தனை யூனிட் மிச்சமாகும்? ஒன்றும் ஆகாது. ராத்திரி முழுக்க ஓடுகிற ஃபேன் அப்போதும் ஓடத்தான் செய்யும். மீட்டரை வைத்துப் பார்த்தால் எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது வீண் செலவு. அதிகமாகச் செலவழிக்கிறவன்தான் அதிகமாகச் சேமிக்க முடியும். ஏற்கெனவே குளிர்ச்சியை வாங்கி வைத்திருப்பவன், அந்தப் பெட்டியின் சூட்டைத் தெருவில் தள்ளிக்கொண்டிருப்பவன், கணக்கில் முதலில் வந்து நிற்கிறான்.

சட்டமும் அப்படித்தான் தொடங்குகிறது. வீடுகளுக்கான ஆற்றல் விதியாக ஒன்றிய அரசு 2018இல் கொண்டுவந்த 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா', கூரை எவ்வளவு சூட்டை உள்ளே விடலாம் என்று வரம்பு சொல்கிறது. ஆனால் 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனையில் எழும் கட்டடங்களுக்குத்தான் அது. நம்ம காலனி பட்டா 3 சென்ட். 121 சதுர மீட்டர். விதி எழுதியவர்களுக்குச் சாதி நோக்கம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. மின்சாரத்தை அளவுகோலாக வைத்ததும் நாம் தானாகவே வெளியே நிற்கிறோம், அவ்வளவுதான். ஊருக்கு வெளியே நிற்பது நமக்குப் பழக்கம்தானே.

சரி, மீட்டரில் ஏறாதது எது? தூக்கம். "ஃபேன் போட்டா அனலத்தான் அள்ளிக் கொட்டுது, நிறுத்துனா கொசு புடுங்குது" என்பாள் எங்கம்மா. சித்திரை, வைகாசியில் எங்கள் தெரு ஆம்பளைங்க தண்ணித்தொட்டி மேடை, பள்ளிக்கூடத்துத் தாழ்வாரம், ரோடு என்று பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பொம்பளைங்க? வயசுப் பெண்கள்? கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சூளைக்குள்தான் கிடக்கணும். பகலில் அடுப்படியும் அவர்களுக்குத்தான். ராத்திரி பூரா புரண்டுவிட்டு, காலையில் ஏரி வேலைக்குப் போய் வெயிலில் நிற்பார்கள். சுருண்டு விழுந்தால், வயசாயிருச்சு, சர்க்கரை இருந்தது என்பார்கள். 2024இல் தமிழக அரசு வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்து, செத்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றது. நல்லது. அந்தச் சாவு வெயிலால் வந்தது என்று எழுதித் தர ஒரு டாக்டர் வேண்டும். அதற்கு முந்தின ராத்திரிகளை எழுதித் தர யாரும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூரையைக் குளிர்விக்கிற வித்தை எங்களுக்குப் புதிதல்ல. எங்கம்மா சித்தாளாகப் போனவள். ஊர்க்காரர் வீட்டு மாடியில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கடுக்காய்த் தண்ணியும் சேர்த்துச் சுருக்கி போட்டு, கட்டையால் நாள்கணக்கில் தட்டிய கை அவளுடையது. அந்த வீடு கோடையில் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது, உள்ளே போனதில்லை. அரசு கட்டிக்கொடுத்த எங்கள் வீட்டின் தளம் வெறும் கான்கிரீட்.

சூழலியல் நண்பர்கள் சிலர், கீற்றுக் கூரைக்கே திரும்பலாமே, அதுதானே குளுமை, மரபு என்கிறார்கள். குளுமைதான், யார் இல்லையென்றது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அதன் பிறகு எந்தச் சேரிக்காரன் கீற்றை மரபு என்று கொஞ்சுவான்? நெருப்புக்குப் பயந்துதான் கான்கிரீட் கேட்டோம். (2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியில் கான்கிரீட் வீடுகளையும் எரித்தார்கள் என்பது வேறு கதை.) அடுத்தவன் கொளுத்தும் நெருப்புக்கும் சூரியனுக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஒரு மனுசனிடம் சொல்வது எந்த அறத்தில் சேர்த்தி?

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு வாதம் வரும். இது ஏமாற்று வேலை தோழர், நிலத்தைக் கொடுக்காமல் வெள்ளையடித்து அனுப்புகிறார்கள் என்பார்கள். மரம் வைக்க இடமில்லாத மூணு சென்டில், புறம்போக்கு ஓரத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். ஊர்த்தெருவில் புங்கையும் வேம்பும். இந்தச் சூட்டின் வேர் நிலத்தில்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிலம் வரும்வரை வேகச் சொல்ல நமக்கு என்ன உரிமை? வேகிறது யார் உடம்பு? நிலக் கோரிக்கையைக் கைவிடாமலே பெயிண்டையும் வாங்கலாம். யாரோ கம்பெனிக்காரர் தருமமாக வந்து அடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு போவதாக மட்டும் இருக்கக் கூடாது.

அடித்ததோடும் முடியாது. புழுதி படியப் படிய வெள்ளைக்கு வேகம் குறையும். கழுவணும், சில வருஷத்தில் மறுபடி பூசணும். வெறும் சுண்ணாம்பு ஒரு மழைக்காலத்தைத் தாண்டினாலே பெரிசு. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கவே கூடாது. தூள் நெஞ்சுக்குள் போகும், அதைத் தேய்க்க ஏறுகிறவனும் நம்ம பையனாகத்தான் இருப்பான். பெரும்பாக்கம் மாதிரி எட்டு மாடி அடுக்குகளில் மேல்மாடிக்காரருக்குத்தான் பலன், மற்றவர்களுக்குக் காற்று வர ஜன்னல் வேண்டும். 2024இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் தருகிறார்கள். அந்த எஸ்டிமேட்டிலேயே தளத்துக்கு வெள்ளைப் பூச்சும், மறுபூச்சுக்கான காசும் ஒரு வரியாகச் சேர வேண்டும். பழைய தொகுப்பு வீடுகளுக்குத் தனிப் பட்டியல் போட வேண்டும். கிராமசபையில் தீர்மானமாகக் கொண்டுவரலாம். மே 1 கூட்டம் நல்ல வெயிலில்தான் வருகிறது.