உரிமையும் வேலியும்

அயல் வீட்டு நாய் கோழியைக் கடித்துக் கொன்றுவிட்டது என்பது ஓர் இலக்கிய ஏடு எடுத்துப் பேசவேண்டிய பொருள்தானா என்று சிலர் கேட்கக்கூடும். வறுமையையும் யுத்தத்தையும் பற்றி எழுதவேண்டிய பக்கங்களிலே கோழிக்கு என்ன வேலை என்பது அவர்களுடைய வினா. ஆனால், உலக நீதியைப் பற்றி மேடைகளிலே முழங்குகின்ற நாம், வேலியோரத்தில் நிகழும் ஒரு சிறிய அநீதியை எவ்விதம் தீர்த்து வைக்கிறோம் என்பதில்தான் நமது கொள்கை பரீட்சிக்கப்படுகிறது. இதனை எனக்கு உணர்த்தியவன் என் மாணவன் ஒருவன். அவன் கேட்ட கேள்விக்கு வகுப்பறையிலே என்னால் உடனே விடை கூற முடியவில்லை. அந்த விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

வடமராட்சிப் பகுதியில் நான் படிப்பித்த கிராமத்திலே, கணவனை இழந்த ஒரு பெண் தன் ஒரே மகனுடன் வாழ்ந்து வந்தாள். இரண்டு பரப்புக்கும் குறைந்த வளவு. சுற்றிவரக் கிடுகு வேலி. பதினொரு ஊர்க் கோழிகள். முட்டை விற்ற காசிலேயே மகனுடைய கொப்பியும் பேனையும் வந்தன. சங்கக் கடைக் கணக்கும் தீர்ந்தது. வங்கியில் பணம் போட்டறியாத அவளுக்கு அக்கோழிகளே வங்கி.

ஒரு நாள் விடியற்புறம், அடுத்த வளவுப் பெரிய வீட்டு நாய் வேலிப் பொட்டினூடாக உள்ளே நுழைந்து ஏழு கோழிகளைக் கடித்துக் குதறிவிட்டுச் சென்றது. ஒன்றைத்தானும் அது தின்னவில்லை. இறந்தவற்றுள் ஒன்று அடைக்கோழி. பதின்மூன்று முட்டைகளின் மேல் அது பதினைந்து நாட்களாகப் படுத்திருந்தது. கோழி முட்டை குஞ்சாவதற்கு 21 நாட்கள் வேண்டும். இன்னும் ஆறு நாட்களே எஞ்சியிருந்தன.

இறந்த கோழிகளைக் கடகத்தில் எடுத்துக்கொண்டு அவள் பெரிய வீட்டுக்குப் போனாள். படலைக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டாள். “எங்கட நாய்தான் எண்டதுக்கு என்ன சாட்சி?” என்பது முதற் கேள்வி. “கோழியளை அடைச்சு வைக்கிறதுதானே?” என்பது அடுத்த கேள்வி. பின்னர் வேலைக்காரப் பையனிடம் ஒரு நோட்டு கொடுத்தனுப்பப்பட்டது. அவள் அதனை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் இரவு, அவளுடைய மகன் கருவாட்டுத் துண்டொன்றில் நஞ்சைத் தடவி வேலியோரத்தில் வைத்தான். விடிந்தபோது இறந்து கிடந்தது பெரிய வீட்டு நாயன்று. ஒழுங்கையின் முடிவிலே தனியே குடியிருந்த ஒரு கிழவருடைய நாய். அவருக்கு இரவில் கண் தெரியாது. கிணற்றடிக்கும் கோயிலடிக்கும் அந்த நாயின் பின்னால்தான் அவர் தடி ஊன்றி நடப்பது வழக்கம்.

நடந்ததை என்னிடம் ஒப்புக்கொண்டபின் அம்மாணவன் கேட்டான்: “சேர், எங்கட கோழியைக் காப்பாற்ற எங்களுக்கு உரிமை இல்லையா?”

உரிமை உண்டு. மிகப் பழைய காலந்தொட்டே சட்டங்கள் அதனை ஏதோ ஒரு வடிவில் ஏற்றே வந்துள்ளன. கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமரின் பன்னிரு பலகைச் சட்டம், ஒருவனுடைய நாற்கால் விலங்கு பிறனுக்குச் சேதம் விளைத்தால், அவன் அச்சேதத்தை ஈடுசெய்ய வேண்டும். அன்றேல் விலங்கையே ஒப்படைத்துவிட வேண்டும் என்று விதித்தது. சொந்தக்காரன் கவனயீனமாக இருந்தானா என்ற ஆராய்ச்சி அங்கே இல்லை. விலங்கினால் வரும் பயனை அனுபவிப்பவனே அதனால் விளையும் நட்டத்தையும் சுமக்கவேண்டும் என்பதே அதன் அடிப்படை. இவ்வழக்கு உரோம - டச்சுச் சட்டத்திலும் இடம்பெற்றது. தென்னாபிரிக்காவின் உயர் மேன்முறையீட்டு மன்றம் 1927இல், நாயினால் விளைந்த சேதம் பற்றிய ஒரு வழக்கில், இந்தப் பழைய விதி இன்னும் உயிருடன் இருக்கிறது என்று தீர்த்தது. 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் வழியாகப் பிரித்தானியர் இலங்கையில் நீடிக்கவிட்டதும் அதே உரோம - டச்சுச் சட்டந்தான்.

ஆங்கிலேயரின் பொதுச் சட்டமோ வேறு வழியில் சென்றது. வளர்ப்பு விலங்கு சேதம் விளைத்தால், அதற்கு அத்தகைய கெட்ட சுபாவம் உண்டென்பது சொந்தக்காரனுக்கு முன்னரே தெரிந்திருந்தது என்று பாதிக்கப்பட்டவனே நிரூபிக்க வேண்டும். ஒவ்வொரு நாய்க்கும் முதற்கடி இலவசம் என்று அந்நாட்டினர் இவ்விதியைக் கேலி செய்வதுண்டு. ஆனால், ஆட்டு மந்தைகளின் சொந்தக்காரர்களுக்கு இவ்விதி தொல்லையாக இருந்தது. எனவே 1865இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, மாட்டையோ ஆட்டையோ கடித்த நாயின் சொந்தக்காரன், அதன் சுபாவத்தை அறிந்திருந்தாலும் அறியாதிருந்தாலும் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று ஆக்கியது. 1906ஆம் ஆண்டுச் சட்டம் குதிரை, கழுதை, வெள்ளாடு, பன்றி ஆகியவற்றையும் இப்பாதுகாப்பினுள் அடக்கியது. கோழியை மட்டும் அது மறந்துவிட்டது. 1928இல் வந்த திருத்தத்தின் பின்னரே கோழி வளர்த்தோருக்கும் அந்த நியாயம் கிட்டியது. ஆட்டுக்கும் கோழிக்கும் இடையே 63 ஆண்டுகள்!

இந்த இடைவெளிக்குக் காரணம் என்ன? நாயின் பல் ஆட்டைக் காட்டிலும் கோழியை மென்மையாகக் கடிப்பதில்லை. பெருமந்தைகளின் சொந்தக்காரர்களுக்குப் பாராளுமன்றத்தில் ஆசனம் இருந்தது. கொல்லைப்புறத்திலே நாலைந்து கோழி வளர்த்த கூலிக்காரனின் மனைவிக்கோ 1918 வரை வாக்குரிமைகூட இருக்கவில்லை. 1928ஆம் ஆண்டே அந்நாட்டுப் பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை பெற்ற ஆண்டு என்பதையும் வாசகர் மனங்கொள்ளலாம். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நான் கூறவரவில்லை. எவருடைய நட்டம் சட்டத்தின் கண்ணுக்கு முதலில் தெரிகிறது என்பதையே சுட்டுகிறேன்.

இனி, நாயைக் கொல்லும் உரிமைக்கு வருவோம். என் மாணவன் உண்மையில் கேட்டது இதனையே.

1948ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியான கிரெஸ்வெல் - சேர்ல் வழக்கு இத்துறையில் நன்கு அறியப்பட்டது. சினைப்பட்ட ஆடுகளைத் துன்புறுத்திய நாயொன்றை ஒரு விவசாயியின் மகன் சுட்டுக் கொன்றான். சுட்டவனே தன் செயலின் நியாயத்தை நிறுவ வேண்டும் என்றது மேன்முறையீட்டு மன்றம். அந்த வேளையில் நாய் தாக்கிக்கொண்டிருந்ததா, அல்லது விட்டுவிட்டால் மீண்டும் தாக்கும் என்ற மெய்யான ஆபத்து இருந்ததா? சுடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லையா, அல்லது சுடுவது அவசியம் என்று அவன் எண்ணியது நியாயமானதா? இவையே மன்றம் வகுத்த அளவுகோல்கள். பின்னர் வந்த 1971ஆம் ஆண்டு விலங்குகள் சட்டம் கோழியையும் தெளிவாகத் தன்னுள் அடக்கியதோடு, நாயைக் கொன்றவன் 48 மணித்தியாலத்துக்குள் பொலிசுக்கு அறிவித்தாலே தன் நியாயத்தை முன்வைக்கலாம் என்றும் நிபந்தனை விதித்தது.

நமது 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, 1860ஆம் ஆண்டின் இந்தியக் கோவையின் வழிவந்தது. அந்த இந்தியக் கோவை 2024இல் வழக்கொழிந்துவிட்டது. எனினும் அதன் 81ஆம் பிரிவு தந்த உதாரணம் நினைவிற் கொள்ளத்தக்கது. பெருந்தீ பரவாமல் தடுக்க, நல்லெண்ணத்தோடு அயல் வீடுகளை இடித்தவன் குற்றவாளியல்லன். பெருந்தீங்கைத் தடுக்க வேறு வழியின்றிச் சிறு தீங்கு செய்யலாம் என்னும் இந்தக் கோட்பாட்டை எமது கோவையும் ஏற்கிறது.

இவை அனைத்திலும் ஒரு பொதுக் கருத்து ஓடுகிறது. கொல்லும் உரிமை ஆபத்து நிகழும் கணத்துக்கு உரியது. ஆபத்து நீங்கியதும் அவ்வுரிமையும் நீங்கிவிடுகிறது. தீ அணைந்த மறுநாள் அயலவன் வீட்டை இடிப்பவன் தீயை அணைத்தவன் ஆகமாட்டான். கோழியின் கழுத்து நாயின் வாயில் இருக்கும்போது தடியெடுத்தவனை நான் குறைகூறேன். தடி போதாத இடத்தில் அவன் மேலும் கடுமையாக நடந்தாலும் அவனைக் குற்றவாளி என்னேன். ஆனால் மூன்றாம் நாள் இரவில் வைத்த நஞ்சு எதனைக் காத்தது? அது சுடுபவனைப் போல ஆளறிந்து செல்வதன்று. பசித்த வாய் எதுவோ அதனைக் கொல்லும். அவ்வூரில் இரவிலே பசியோடு அலைவது பெரிய வீட்டு நாயன்று என்பதை என் மாணவன் எண்ணிப் பார்க்கவில்லை. ஏழையின் கோபம் இருட்டிலே எறிந்த கல் இன்னோர் ஏழையின் தலையிலேயே விழுந்தது.

மேலும், நாய் குற்றவாளிதானா? சிறகடித்துப் பதறி ஓடும் பறவையைக் கண்டால் துரத்திக் கவ்வுவது அதன் இயல்பு. ஒவ்வொரு கோழியின் பதற்றமும் அந்த இயல்பை மீண்டும் தூண்டிவிடும். ஆதலாலேயே பசியில்லாத நாயும் ஏழு கோழிகளைக் கொன்றுவிட்டுத் தின்னாமற் போகிறது. அதனைக் குரூரம் என்று அழைப்பது மனித மனத்தை நாயின்மேல் ஏற்றிப் பார்ப்பதாகும். கோழிகளைப் பறிகொடுத்த அந்தப் பெண், எழுத்து வாசனை அதிகம் இல்லாதவள், இதனை என்னிடம் ஒரே வாக்கியத்தில் சொன்னாள்: “வாத்தியார், நாய்க்கு என்ன தெரியும்? அவிட்டு விடுகிறவைக்கெல்லே தெரிய வேணும்!”

நியாயம் இரு பக்கமும் பார்க்கவேண்டும். அவளுடைய கோழிகள் அதே பொட்டினூடாகப் போய்ப் பெரிய வீட்டுக் கீரைப் பாத்தியைக் கிளறியதும் உண்டு. கோழி தானே வழிதவறி நாயுள்ள வளவுக்குள் புகுந்து கடிபட்டால், அவ்வளவின் சொந்தக்காரர் பொறுப்பாளியல்லர் என்று 1971ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டமும் கூறுகிறது. இது நீதியானதே. கோழி வளர்ப்பவர் இரவிலே கூட்டை அடைக்கவேண்டும். மெல்லிய கோழி வலை கோழியை உள்ளே வைத்திருக்குமேயன்றி நாயைத் தடுக்காது. உறுதியான கம்பி வலையை நிலத்தினுள்ளும் ஓரடி இறக்கினாலன்றி நாய் தோண்டி நுழையும். ஆனால் இந்த அறிவுரையைப் படலையிலிருந்து சொல்வது எளிது. ஒரு சுருள் கம்பி வலையின் விலை அவளுக்கு எத்தனை மாத முட்டைகள் என்று பெரிய வீடு கணக்கிட்டதில்லை. அவளுடைய கோழி கிளறியதால் நட்டமானது ஒரு நேரக் கறி. அவர்களுடைய நாய் கடித்ததால் நட்டமானது ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு. இரண்டையும் ஒரே தராசில் வைத்து, இரு தரப்பிலும் பிழை உண்டு என்று கைகழுவிவிடுவது நடுநிலையாகாது.

நட்டஈடு என்பதும் அவ்வாறே. சந்தை விலையைக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிறோம். அடைக்கோழியின் சந்தை விலை அதன் இறைச்சியின் விலை. பொரிக்காமற் போன குஞ்சுகளும், இனி இடவேண்டியிருந்த முட்டைகளும் அவ்விலையினுள் அடங்குவதில்லை. வேலைக்காரப் பையன் கையிற் கொடுத்தனுப்பிய நோட்டிலே இன்னொரு குறையும் இருந்தது. அது பிச்சையாகத் தரப்பட்டது. தவறு செய்தோம் என்ற ஒப்புதல் இல்லாத பணத்தை அவள் மறுத்தது வறட்டுக் கௌரவம் அன்று. தன் உரிமை இன்னதென்று அவள் அறிந்திருந்தாள் என்பதற்கு அதுவே சான்று.

ஆகவே மாணவனுக்கு என் விடை இதுதான். உனக்கு உரிமை உண்டு. ஆனால் அதனை நீ தனியே, இருட்டிலே நிலைநாட்டப் பார்த்தாய். நாய் எந்த வேலியிலும் பொட்டுக் கண்டு நுழைந்துவிடும். உன் தாய்க்கோ பகல் வெளிச்சத்திலே ஒரு படலை திறக்கவில்லை. திறக்கவேண்டியது அந்தப் படலையே. அதற்குத் துணையாட்கள் வேண்டும், சட்டமும் வேண்டும். நாய்களைப் பதிவு செய்யவேண்டும் என்று 1901ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. யாருடைய நாய் என்ற கேள்விக்கு அதுவே பதில் தரும். நீதிமன்றச் செலவைத் தாங்கமுடியாதோருக்காக 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் மத்தியஸ்த சபைகளை அமைத்துத் தந்தது. அங்கே வழக்கறிஞர் இன்றி இரு தரப்பாரும் நேரில் அமர்ந்து பேசலாம்.

வாசிகசாலை இளைஞர்கள் சிலரும் நானும் அவளோடு சென்றோம். இம்முறை படலை திறந்தது. பல நாட் பேச்சின் பின், கோழிகளுக்கும் பொரியாத முட்டைகளுக்கும் ஈடு கிடைத்தது. இரவில் நாயைக் கட்டி வைக்கவும், தம் பக்க வேலியைத் திருத்தவும் பெரிய வீட்டார் உடன்பட்டனர். இதனை ஒரு பெரும் வெற்றியாக நான் கூறவில்லை. நாங்கள் கூட்டமாகச் சென்றபோது திறந்த படலை அவள் தனியே நின்றபோது ஏன் திறக்கவில்லை என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

மாணவன் கிழவரிடமும் சென்று உண்மையைச் சொன்னான். அவர் அவனை ஏசவில்லை. “அதுதான் தம்பி எனக்குக் கண்ணாய் இருந்தது” என்று மட்டும் சொன்னார். அந்த நட்டத்தை ஈடுசெய்ய எந்தச் சபையாலும் இயலாது. பொழுதுபட்டதும் அவன் ஒழுங்கை முடிவுக்குப் போய்க் கிழவரின் கையைப் பிடித்துக் கோயிலடிக்கு அழைத்துச் செல்லத் தொடங்கினான். போகும்படி நான் சொல்லவில்லை.