திருத்திய பக்கமும் தீராத கடனும்

ஒருவர் இளமையில் செய்ததற்கு முதுமையில் எந்த அளவு பொறுப்பாவார் என்பது அறவியலின் பழைய கேள்விகளுள் ஒன்று. ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக், கடந்த செயலைத் தன்னுடையதென்று உணரும் பிரக்ஞையின் தொடர்ச்சியிலேயே தன்னடையாளம், அதாவது காலம் மாறியும் ஒருவர் அவராகவே நீடிக்கும் தன்மை, அடங்கியிருப்பதாகக் கருதினார். கத்தோலிக்க மரபோ அவ்வளவில் அமையாமல், மனம் வருந்துதல், பாவத்தை வாய்விட்டு அறிக்கையிடுதல், இழைத்த தீங்குக்குப் பரிகாரம் செய்தல் ஆகிய மூன்றையும் மனந்திரும்பியவரிடம் எதிர்பார்க்கிறது. அந்த மரபின் சூழலில் வளர்ந்த பெல்ஜியச் சித்திரக்கதைக் கலைஞர் எர்ஜே (1907–1983) தம் தொடக்ககாலப் படைப்பைப் பின்னாளில் திரும்ப வரைந்தவர் என்பதால், இக்கேள்வியை அவர் பக்கங்களிலேயே வைத்து ஆராய இயலும்.

ஜார்ஜ் ரெமி என்னும் இயற்பெயர் கொண்ட அவர் படைத்த டின்டின், 1929 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸின் கத்தோலிக்க நாளேடொன்றின் சிறுவர் இணைப்பில் அறிமுகமானான். நாளேட்டை நடத்திவந்த நோர்பேர் வாலே என்னும் பாதிரியாரின் விருப்பத்திற்கிணங்க, காங்கோ மண்ணை மிதித்தேயிராத அந்த 23 வயது இளைஞர் 1930-31இல் 'காங்கோவில் டின்டின்' கதையை வரைந்தார். மிஷன் பள்ளியொன்றில் ஆசிரியராக நிற்கும் டின்டின், ஆப்பிரிக்கச் சிறுவர்களிடம் அவர்களுடைய நாடு பெல்ஜியம் என்று பாடம் தொடங்கும் காட்சி அதில் வருகிறது. 1946இன் வண்ணப் பதிப்பில் அந்தப் பாடம் எளிய கூட்டல் கணக்காகிவிட்டது. எதிரே அமர்ந்திருந்த சிறுவர்களின் தடித்த உதடுகள் கொண்ட கேலிமுகங்களோ அப்படியே இருந்தன. வருத்தம் இருந்திருக்கலாம், ஆனால் அறிக்கையிடப்படாத வருத்தம் பழைய பக்கத்தை மறைத்துவிட்டு, பரிகாரம் முடிந்ததென்ற தோற்றத்தை மட்டுமே தருகிறது.

உண்மையான வளர்ச்சி வேறோரிடத்தில், அதற்கு முன்பே நிகழ்ந்திருந்தது. டின்டின் அடுத்துச் சீனா செல்லவிருக்கிறான் என்று அறிந்த கொசே என்னும் பாதிரியார், லூவன் பல்கலைக்கழகச் சீன மாணவர்களின் ஆன்மிக வழிகாட்டியாக இருந்தவர், சீனரைக் கேலிப்பொருளாக்க வேண்டாமென்று எர்ஜேயைக் கேட்டுக்கொண்டதோடு, பிரஸ்ஸல்ஸில் சிற்பம் பயின்றுவந்த சாங் சோங்ரென் என்ற இளைஞருடன் தொடர்பும் ஏற்படுத்தித் தந்தார். 1934இல் தொடங்கிய அந்த நட்பின் விளைவே 'நீலத் தாமரை'. அதன் தெருக்காட்சிகளில் காணப்படும் சீன எழுத்துகள் சாங்கின் கைவண்ணம் என்பதால், வரையப்படும் மக்களில் ஒருவரே அப்பக்கங்களில் பங்கேற்றிருக்கிறார். ஆற்று வெள்ளத்திலிருந்து மீட்கப்பட்ட சீனச் சிறுவனும் டின்டினும், ஒருவர் நாட்டைப் பற்றி மற்றவர் நாட்டார் நம்பிவரும் அபத்தங்களைச் சொல்லிச் சிரிக்கும் இடம் எர்ஜேயின் ஆகச் சிறந்த பக்கங்களுள் ஒன்று. கோட்டின் செம்மை அங்கே பார்வையின் செம்மையிலிருந்து பிறக்கிறது. கலை வளர்ச்சியையும் அற வளர்ச்சியையும் தனித்தனியே அளக்கலாம் என்போர் அப்பக்கத்தைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

எனினும் அதே நூலில் ஜப்பானியர் கேலிச்சித்திரங்களாகவே நீடிக்கின்றனர். ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது, 1941-42இல் வெளியான 'விண்மீன்' கதையில் பேராசைக்காரப் பணமுதலைக்கு எர்ஜே யூதப் பெயரையே சூட்டினார். அப்பெயர் பிற்காலத்தில்தான் மாற்றப்பட்டது. ஒரு மக்களினத்தைக் கண்ணெடுத்துப் பார்க்கக் கற்றவர் இன்னொன்றின் முன் கண்மூடிவிட்ட இந்தச் செய்தி வேதனைக்குரியது. அறவளர்ச்சியைப் படிப்படியான ஏற்றமாக எண்ணும் வழக்கமும் இங்கே நிலைகுலைகிறது.

பின்னாளில் நூமா சதூல் என்பவருடன் நிகழ்த்திய நீண்ட உரையாடல்களில், தொடக்கக் கதைகள் தாம் வாழ்ந்த வர்க்கத்தின் முன்முடிவுகளால் ஆனவை என்று எர்ஜே ஒப்புக்கொண்டார். 1973இல் காங்கோ கதையின் கறுப்பு வெள்ளை மூலம் மாற்றமின்றி மறுபதிப்பாயிற்று. 1946இன் திருத்தத்தைவிட இம்மறுபதிப்பே அறிக்கையிடுதலுக்கு நெருக்கமானது. பெல்ஜியப் பாடத்தையும் கூட்டல் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்க்கும் உரிமையை அதுவே வாசகருக்குத் திருப்பித் தந்தது. பரிகாரம் மட்டும் மிச்சமிருந்தது, அது ஓவியரின் கையில் மட்டும் இருந்ததுமன்று. 2007இல் பிரஸ்ஸல்ஸில் வாழ்ந்த காங்கோ நாட்டவர் ஒருவர் அந்நூலுக்கெதிராக வழக்குத் தொடுத்தார்; 2012இல் பெல்ஜிய நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. அவர் எதிர்த்தது, கடைகளில் விற்பனையாகி வந்த திருத்திய பதிப்பையே.